மசக்கை நின்ற நாள்

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
8 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பாதிப் பொய். நீயும் மாமாவும் நலமா? மலையில் மழை இறங்கிவிட்டதா?

என்ன இவள் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் நாவல்வளவில் பஸ் நிற்கும் பாறை மேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும். எனக்கோ பத்து நாளாகப் போன் திரையைப் பார்த்தாலே குமட்டுகிறது. எழுத்து மேலே நகரும்போது வயிறும் கூடவே நகர்கிறது. ஏன் என்று புரிந்திருக்குமே. ஆமாம் அக்கா. ஆறு வாரம் என்றார் டாக்டர் மரியா. மார்ச் மூன்று என்று தேதியும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். ஆனால் கேட்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்து நான்கு நாள் தள்ளிப்போட்டேன். உனக்குக் கல்யாணமான இந்த ஒன்பது வருடத்தில் எத்தனை பேர் உன்னிடம் இந்தச் செய்தியைச் சொல்லியிருப்பார்கள்! நானும் அந்த வரிசையில் வந்து நிற்கிறேன். கடிதம் எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அம்மா போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. இனி கேட்பதெல்லாம் உன்னிடம்தான். போதாததற்கு நீ சுகாதார நர்ஸ். மலை மேல் பதினோரு ஊர்க் கர்ப்பிணிகளுக்குப் பதில் சொல்கிறவள். பன்னிரண்டாவதாக என்னைச் சேர்த்துக்கொள். காலையில் எழுந்ததும் வாந்தி, பல் தேய்த்தால் வாந்தி, அத்தை ஒக்கரணை போட்டால், அதுதான் நம் தாளிப்பு, கடுகு வெடிப்பதற்குள் நான் மாடிப்படியில் இருப்பேன். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. யுவன் வழக்கமாகப் போடும் சோப்பைக்கூட மாற்றச் சொல்லிவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுது. சீக்கிரம் எழுது.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன்
வேனி

*

நாவல்வளவு, அரூர் வட்டம்
15 ஜூலை 2024

அன்பு வேனிக்கு,

உன் கடிதம் ஊசி போடும் நாளில் வந்தது. ஒரு கையில் ஒரு குழந்தையின் தொடை, மறுகையில் உன் கடிதம். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அந்தக் குழந்தை ஊசிக்கு அழவே மறந்துவிட்டது. என் முகம் எப்படி இருக்கும் என்று இனி யோசிக்காதே. எட்டாம் வகுப்பில் நீ ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கி வந்தபோது இருந்ததே, அந்த முகம்தான்.

இப்போது நர்ஸ் எழிலரசி பேசுகிறேன், கேள். விழித்ததும் எழுந்துவிடாதே. தலைமாட்டில் இரண்டு ரஸ்க் வைத்துக்கொண்டு படுத்தபடியே மென்று தின்னு. கால் மணி நேரம் கழித்து எழு. வயிற்றைக் காலியாக விடாதே, காலி வயிறுதான் அதிகம் புரட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு வாய். சோற்றோடு தண்ணீர் வேண்டாம். இடையில் சிறு மிடறாகக் குடி. சூட்டு ஆவிதான் மூக்கில் ஏறிக் குமட்டும், ஆறிய இட்லி ஒன்றும் செய்யாது. பேஸ்ட் ஆகவில்லை என்றால் உப்புத் தண்ணீர் போதும். எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறி முகர்ந்து பார். இதையெல்லாம் ஏழு வருடமாக எல்லாருக்கும் சொல்லி வருகிறேன். கேட்கிறதா என்று யாரிடமும் திரும்பிக் கேட்டதில்லை. கேட்கிறது வேனி. எலுமிச்சை மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது.

தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து கறுத்துப் போகிறது என்றால் என் கடிதத்துக்குக் காத்திருக்காதே. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ.

சனிக்கிழமை உன் மாமா வழக்கம்போல அரூரில் வேலை முடித்துக் கருவாடு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். பையோடு வாசலிலேயே நிறுத்திவிட்டேன். பாவம், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வெறும் ரசம் சாப்பிட்டார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது இல்லை. ஆவணி பிறக்கட்டும்.

உன் மாமியாருக்கும் யுவனுக்கும் என் அன்பைச் சொல். மாடிப்படியில் ஓடாதே.

அன்புடன்
எழில் அக்கா

*

ஸ்ரீராம்புரம்
24 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகம்தானே? உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ரஸ்க் மூன்று நாள் கேட்டது. நான்காம் நாள் ரஸ்க்கையும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

ஆபீசுக்கு மெட்ரோவில் எட்டு ஸ்டேஷன். திங்கட்கிழமை மூன்று இடத்தில் இறங்கி ஏறினேன். சிக்பேட்டில் ஒரு அம்மா என் முதுகைத் தடவிக் கன்னடத்தில் என்னவோ சொன்னார். 'நிதானா' என்ற ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. ஆபீசில் பக்கத்து நாற்காலி நோரா, பிரேசர் டவுனிலிருந்து வருகிறவள், இஞ்சி மிட்டாய் கொண்டுவந்து தருகிறாள். என் திரையில் இருக்கும் வேலையில் பாதியை அவளே செய்கிறாள். எத்தனை நாள் செய்வாள்?

அத்தை கெட்டவர் இல்லை. இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர், இங்குள்ளவர்களைப் போல முகத்துக்கு நேரே பேசுவார். "நான் யுவன வயித்துல வச்சுக்கிட்டு மில்லுல ஷிப்ட் பாத்தேன். வாந்தி வந்தா ஓரமா எடுத்துட்டு மறுபடி மிஷின்கிட்ட நிப்பேன். நீ ஏசியில ஒக்காந்துக்கிட்டு இவ்ளோ கஷ்டப்படறியேம்மா" என்கிறார். "ஒக்கரணை இல்லாம சாரு எப்படி வெக்கறது?" என்றும் கேட்கிறார், சாரு என்றால் ரசம். கேட்டுவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் புகையில் தனியாக நின்று சமைக்கிறார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

அக்கா, இதை உன்னிடம் மட்டும்தான் எழுத முடியும். நேற்றுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்கத் தெம்பில்லை. இது வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதோடு விடவில்லை, வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. எப்போது நிற்கும் அக்கா? ஒரு தேதி சொல்.

ஆவணிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என்ன செய்தி அது? சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

உன்
வேனி

*

ஸ்ரீராம்புரம்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்புக்கு என்ன? மூன்று வாரமாக ஒரு வரி இல்லை. யுவன் மாமாவுக்குப் போன் செய்து கேட்டாராம். "காய்ச்சல். இப்ப பரவாயில்ல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். மாமா எப்போதும் அளந்துதான் பேசுவார். இருந்தாலும் இது அதைவிடக் குறைவாக இருந்தது என்றார் யுவன்.

போன வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். தண்ணீர்கூடத் தங்கவில்லை. நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்து நானே யுவனிடம் கூட்டிப்போகச் சொன்னேன். ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். நான்கு கிலோ குறைந்திருக்கிறேன். டாக்டர் மரியா ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். குமட்டல் கொஞ்சம் அடங்குகிறது, ஆனால் நாளெல்லாம் தூக்கம்.

அக்கா, அந்தக் கடிதத்தில் நான் எழுதியதற்காகக் கோபமா? ஒரு பிள்ளைக்காக ஒன்பது வருடம் நீ ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. உன்னிடம் போய் அதை எழுதியிருக்கக் கூடாது. கோபமாக இருந்தாலும் சரி, நான்கு வார்த்தை திட்டியாவது எழுது.

உன்
வேனி

*

நாவல்வளவு
20 ஆகஸ்ட் 2024

அன்பு வேனிக்கு,

காய்ச்சல்தான். இப்போது சரியாகிவிட்டது. வேலைக்குப் போகிறேன். உன் மாமா நலம்.

மாத்திரையை நிறுத்தாதே. தூக்கம் வந்தால் தூங்கு. எடை திரும்ப வரும். போலிக் ஆசிட் மாத்திரையை மாலையில் போட்டுப் பார், காலையில் போடுவதைவிட நன்றாகத் தங்கும். மலச்சிக்கல் இருந்தால் உலர்திராட்சையை ஊறவைத்துச் சாப்பிடு. உடம்பு வற்றும்போது அதுவும் வரும்.

எப்போது நிற்கும் என்று கேட்டிருந்தாய். பெரும்பாலானவர்களுக்கு மூன்றாம் மாத முடிவில் அல்லது நான்காம் மாதத்தில். தேதி யாராலும் சொல்ல முடியாது. நிற்க வேண்டும் என்று அவசரப்படாதே. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்.

நீ நினைத்ததில் பாவம் ஒன்றும் இல்லை. வாந்தி எடுத்துத் துவண்டு கிடக்கிறவள் எல்லாரும் ஒரு முறையாவது அப்படி நினைக்கிறாள். எங்கள் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

சொல்வதாக எழுதியிருந்த செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. மறந்துவிடு.

எழில் அக்கா

*

ஸ்ரீராம்புரம்
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காய்ச்சல் முழுவதும் விட்டதா? கடிதம் ரொம்பச் சுருக்கமாக இருந்தது. உடம்பு இன்னும் தேறவில்லை போலிருக்கிறது. கஷாயம் குடி.

இன்றைக்கு நான் எழுதுவது நல்ல கடிதம். நேற்று முன்தினம் காலையில் கண் விழித்தேன். வழக்கம்போல அசையாமல் கிடந்து காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. எழுந்தேன், பல் தேய்த்தேன். பேஸ்ட் போட்டுத்தான்! வயிறு அது பாட்டுக்குச் சும்மா இருந்தது. அத்தை கதவைத் திறந்து வைத்தே ஒக்கரணை போட்டார். நான் பக்கத்தில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். "என்னம்மா, வெள்ளம் வடிஞ்சிடுச்சா?" என்று கேட்டு ஒரு தட்டு நிறைய பிசிபேளா பாத் வைத்தார். முழுவதும் சாப்பிட்டேன். நேற்றும் இன்றும் அப்படியேதான். மார்பு வலிகூடக் குறைந்துவிட்டது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நான் நானாக இருக்கிறேன். மாசமாக இருப்பது மாதிரியே இல்லை அக்கா!

யுவன் பைக்கில் ஏற மறுத்துவிட்டேன், குலுங்குமே என்பதற்காக இல்லை, மெட்ரோ ஜன்னலில் நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டு போகலாம் என்று. அடுத்த ஸ்கேன் செப்டம்பர் பதினெட்டாம் தேதி.

மாமாவுக்கு அன்பு.

உன்
வேனி

*

ஸ்ரீராம்புரம்
6 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

நலம். வயிற்றில் இருப்பதும் நலம். அதைத் தெரிந்துகொள்ளத்தானே அத்தனை கலவரம்.

நீ புதன்கிழமை மலையிலிருந்து கீழே இறங்கி யுவனுக்குப் போன் செய்தபோது அவர் மீட்டிங்கில் இருந்தார். "இன்னைக்கே ஸ்கேன் எடுங்க. நாளைக்குன்னு சொல்லாதீங்க. துடிப்பு இருக்கான்னு பாருங்க" என்றாயாம். ஏன் என்று கேட்டதற்கு, "வாந்தி நின்னுடுச்சுன்னு எழுதியிருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டாயாம். அவர் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். மழை. ஆட்டோ பிடித்துப் போனோம். ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று உனக்குத் தெரியுமா? குளியலறையில் நான் சொன்னது யாருக்கோ கேட்டுவிட்டது என்று நினைத்தேன்.

டாக்டர் மரியா திரையைத் திருப்பிக் காட்டினார். துடிப்பு நூற்று ஐம்பத்திரண்டு. "பதினாலாவது வாரத்துல நிக்காம வேற எப்பம்மா நிக்கும்? யாரு பயமுறுத்துனாங்க?" என்று கேட்டார். என் அக்கா, அவள் நர்ஸ் என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "அவ பெத்தவளா? அவளுக்கு என்ன தெரியும்? வயித்தெரிச்சல். நல்லா சாப்பிட ஆரம்பிச்ச பொண்ண அழ வச்சுட்டா." யுவன் அவரை அதட்டினார். நான் அதட்டவில்லை அக்கா. அத்தை சொன்னது ஒரு நிமிடம் எனக்கும் சரி என்று பட்டது. அதை மறைத்துக்கொண்டு உனக்கு எழுத என்னால் முடியவில்லை. மூன்றாம் மாத முடிவில் நிற்கும் என்று நீயே எழுதிவிட்டு, நின்றதும் ஏன் இப்படிச் செய்தாய்?

கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

வேனில்

*

அரூர்
16 செப்டம்பர் 2024

அன்பு வேனிலுக்கு சுந்தரம் மாமா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று நம்புகிறேன். நான் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதை எழுதுவது உன் அக்காவுக்குத் தெரியாது.

உனக்கு நாள் தள்ளிப்போன அதே சமயத்தில் அவளுக்கும் தள்ளிப்போனது. இரண்டு பேருக்கும் ஒரு நாள் வித்தியாசம். மருந்து மாத்திரை எல்லாம் விட்டு இரண்டு வருடம் ஆன பிறகு தானாகத் தங்கியது. மார்ச் நாலு என்று கணக்குப் போட்டாள். மலை மேல் இருக்கும் எல்லாக் கர்ப்பிணிகளையும் பதிவு செய்கிறவள் தன் பெயரை மட்டும் பதியவில்லை. மூணு மாதம் ஆகட்டும், ஆவணி பிறந்ததும் முதலில் வேனியிடம் சொல்லிவிட்டு அப்புறம் பதிகிறேன் என்றாள். உனக்கு இருந்த வாந்தி அத்தனையும் அவளுக்கும் இருந்தது. உனக்கு எழுதிய வைத்தியம் எல்லாம் அவள் அன்றன்றைக்குச் செய்து பார்த்தது.

ஜூலை இருபத்தேழு சனிக்கிழமை நான் மேலே போனபோது சிரித்துக்கொண்டு நின்றாள். "இன்னைக்கு வாந்தியே இல்லைங்க" என்றாள். மூணு தோசை சாப்பிட்டாள். அடுத்த நாலைந்து நாள் தெம்பாக ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தாள். ஆகஸ்ட் இரண்டாம் தேதி, ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் லேசாக ரத்தம் பட்டது. கீழே கொண்டுவந்து ஸ்கேன் பார்த்தார்கள். துடிப்பு இல்லை. நின்று ஆறு நாள் ஆகியிருக்கும் என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டு தோசை சாப்பிட்ட அன்றைக்கே போயிருக்கிறது.

சுத்தம் செய்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் உன் கடிதம் கிடந்தது. நான் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரு வரி இருந்ததால் ஒளித்து வைத்தேன். ஒரு வாரம் கழித்து என் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டாள். மடித்துத் திரும்ப அதே பையில் வைத்தாள்.

வாந்தி நின்றது என்று நீ எழுதியதைப் படித்ததும் செருப்புகூடப் போடாமல் பஸ்ஸுக்கு ஓடினாளாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அது நல்லபடியாக நிற்கும் நேரம்தான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும்.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. உன்மேல் தப்பு இல்லை. தெரியாமல் எழுதினாய். தெரிய வேண்டும் என்பதற்காக நான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா.

சுந்தரம்

*

ஸ்ரீராம்புரம்
23 செப்டம்பர் 2024

அக்கா,

மாமா எழுதிவிட்டார். அவரைக் கோபிக்காதே.

நலமா என்று கேட்கக் கை வரவில்லை.

நீ பறிகொடுத்துவிட்டு வந்து படுத்திருந்தபோது என் கடிதம் உன் வீட்டுக்குள் இருந்திருக்கிறது. அந்த வரியோடு. அப்புறம் நான் எழுதியது அதைவிட மோசம். இரண்டையும் என்னால் திரும்ப வாங்க முடியாது.

யுவனிடம் இப்போதே உன்னிடம் கூட்டிப்போகச் சொன்னேன். அந்த வளைவுச் சாலையில் நான்கு மணி நேரம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீயும் வர மாட்டாய், தெரியும். பாறைக்கு ஏறி ஒரே ஒரு முறை பேசு அக்கா. போன் இப்போது எனக்குக் குமட்டுவதில்லை. காலை எட்டு மணிக்கு மெட்ரோ நடைமேடையில் நின்றுகொண்டு தினமும் காத்திருக்கிறேன்.

வேனி

*

நாவல்வளவு
9 அக்டோபர் 2024

என் வேனிக்கு,

உடம்பு தேறிவிட்டது. வேலை, வீடு, மழை. பாறைக்கு இரண்டு முறை ஏறினேன். எண்ணை அழுத்தாமல் இறங்கிவிட்டேன். குரல் காட்டிக்கொடுத்துவிடும். ஆகஸ்டிலும் அதனால்தான் பேசவில்லை. காய்ச்சல் என்று எழுதுவது சுலபமாக இருந்தது.

நீ உண்மையை எழுதினாய், நானும் எழுதுகிறேன். அந்த வரியைப் படித்த அன்று உன்னை வெறுத்தேன். ஒரு நாள் முழுவதும். வேண்டாம் என்றவளிடம் இருக்கிறது, வேண்டும் என்றவளிடம் இல்லை என்று திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓடியது. மறுநாள் நீ குளியலறைத் தரையில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நானும் அப்படி உட்கார்ந்தவள்தானே. அப்போது போனது அந்த வெறுப்பு. பாவம் இல்லை என்று உனக்கு எழுதியது உபசாரத்துக்கு இல்லை.

உன் மாமியார் சொன்னதும் முழுப் பொய் இல்லை வேனி. வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் அன்று நான் செருப்பில்லாமல் ஓடியது அதனால் இல்லை. பதினான்கு வாரத்தில் மசக்கை நிற்கும் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள் நான். "நான் நானாக இருக்கிறேன், மாசமாக இருப்பது மாதிரியே இல்லை" என்று எழுதியிருந்தாயே, அதே வார்த்தையைத்தான் அந்தச் சனிக்கிழமை உன் மாமாவிடம் சொன்னேன். அதைப் படித்த பிறகு நான் கற்றது எதுவும் எனக்கு உதவவில்லை. அன்று பாறை மேலும் டவர் இல்லை, பஸ்ஸும் பத்து நிமிடம் தாமதம். அந்தப் பத்து நிமிடத்தில் உன் பிள்ளையை நான் ஒருமுறை பறிகொடுத்துவிட்டேன். யுவன் மாலையில் "துடிப்பு இருக்கு அக்கா" என்று சொன்னதும் அரூர் பஸ் நிலையத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தோசையை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

என்னிடம் எதையும் மறைக்காதே. அசைவு தெரிந்தால் எழுது. கால் பிடித்து இழுத்தால், நெஞ்சு எரிந்தால் எழுது. எனக்கு வலிக்கும் என்று நீ விட்டுவிட்டால் நான் அதைக் கற்பனையில் இட்டு நிரப்பிக்கொள்வேன். அது இன்னும் வலிக்கும்.

இரும்புச்சத்து மாத்திரை போடுகிறாயா? பாலோடு போடாதே.

உன்
அக்கா

*

ஸ்ரீராம்புரம்
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா? மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன், பொய் சொல்லாதே.

மறைக்க வேண்டாம் என்றாய். அதனால் எழுதுகிறேன். அசைகிறது. மாலையில் ஆபீசிலிருந்து வந்து காலை நீட்டியதும் தொடங்குகிறது. கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. படுத்தால் நெஞ்செரிச்சல், அதனால் மூன்று தலையணை வைத்துக்கொள்கிறேன். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுகிறேன்.

டிசம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்று அத்தை நாள் பார்த்திருக்கிறார். உனக்கு நடந்ததை அவரிடம் சொல்லியிருந்தேன். அன்று அதைக் கேட்டுவிட்டு, "வாய் இருக்கே, அது சும்மா இருக்காது எனக்கு" என்று மட்டும் சொன்னார். ஆனால் வளைகாப்புப் பேச்சு வந்ததும், "உங்க அக்கா வரட்டும், நல்லா சாப்பிடட்டும். வளையல் மட்டும் போட வேணாம். கெட்ட எண்ணத்துல சொல்லலம்மா, பழக்கம்" என்றார்.

"அப்ப எனக்கு வளையலே வேணாம் அத்தை" என்றேன்.

மூன்று நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். யுவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றுகொள்வார். நான்காம் நாள் எனக்குக் கால் பிடித்து இழுத்து நான் கத்தியபோது அத்தைதான் ஓடி வந்து பாதத்தை மடக்கிப் பிடித்தார். பிடித்துக்கொண்டே, "சரி, போடட்டும். கடைசியா போடட்டும்" என்றார். "முதல்ல" என்றேன். பாதத்தை விடாமலே, "உன் இஷ்டம்" என்றார்.

வா அக்கா. முதல் வளையல் நீதான் போட வேண்டும். நீ வராவிட்டால் நான் கையை நீட்ட மாட்டேன்.

உன்
வேனி

*

நாவல்வளவு
21 நவம்பர் 2024

என் வேனிக்கு,

சாப்பிடுகிறேன். உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாக எண்ணுகிறார்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எனக்காக யாரும் இப்படிச் சண்டை போட்டதில்லை. உன் அத்தையிடம் நான் அவர்மேல் வருத்தம் வைத்திருக்கவில்லை என்று சொல். பாதத்தைப் பிடித்த கை அது.

ஆனால் நான் வரவில்லை வேனி. பழக்கத்துக்காக இல்லை, அவருக்காக இல்லை. என்னால் முடியாது.

போன வாரம் அரூரில் சமுதாய வளைகாப்பு. அறுபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பது என் வேலை. அட்டையில் தேதி பார்த்துத்தான் கையில் பட்டையைச் சுற்ற வேண்டும். மூன்று பேருக்கு மார்ச் முதல் வாரம். முதல் பெண்ணுக்குப் பார்த்தேன். இரண்டாவது பெண்ணுக்கும் பார்த்தேன். மூன்றாவது பெண்ணின் அட்டையில் மார்ச் நாலு என்று இருந்தது. பட்டையைச் சுற்றிவிட்டுக் காற்றடிக்காமல் அப்படியே நின்றிருக்கிறேன். "சிஸ்டர், என்ன ஆச்சு?" என்று அந்தப் பெண் கேட்ட பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. வேறு ஒருத்தியை நிற்க வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டேன்.

அங்கே அறுபது அந்நியர்கள். அங்கேயே இப்படி என்றால், சந்தனம் பூசிய உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் சிரிக்க வேண்டும். எல்லாரும் என் முகத்தையே பார்ப்பார்கள். நீயும் பார்ப்பாய். உன் நாளை நான் அப்படி ஆக்க மாட்டேன். கையை நீட்டு. முதல் வளையலை உன் அத்தையைப் போடச் சொல். நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.

பிப்ரவரி இருபதிலிருந்து ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ மறுத்தாலும் வருவேன். அதற்குள் கால் வீக்கம் முகத்துக்கு ஏறினாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, அசைவு குறைந்தாலோ காத்திருக்காதே. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. யாராவது சிரித்தாலும் பரவாயில்லை, போ.

பிரசவ வார்டு வாசலில் அழுகிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நான் அங்கே வந்து அழுதுகொள்கிறேன்.

உன்
எழில் அக்கா